சோறு தொடாத காகம்

பொழுது விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மாத்தளைக்கு வடக்கே, நாலந்தாவிலிருந்து பலாபத்வலைக்கு வருகிற பாதை... இரண்டு பக்கமும் காடு. ஒரே ஒரு மாட்டுவண்டி. அதில் ஒரே ஒரு மனிதர்.

கிட்ட வந்து உட்காருங்கள். பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம், நான் தடுக்கவில்லை. வெளியே மழையும் இருட்டும்தான், வேறொன்றுமில்லை.

அலுவிகாரையில் சுருட்டுக்கடை வைத்திருக்கிற மக்கீனைத் தெரியும்தானே? அவனுடைய வாப்பாவின் அண்ணன் ஸெய்னுலாப்தீன்தான் அந்த வண்டிக்காரர். ரயில் மன்னாருக்குப் போகாத காலம். இந்தியாவிலிருந்து வந்து கப்பலிறங்கிய தோட்டத்து ஆட்கள் கூட்டங்கூட்டமாக அந்தப் பாதையில்தான் மாத்தளைக்கு நடந்து வருவார்கள். வழியெல்லாம் வாந்திபேதி. விழுந்தவர்களைத் தூக்க ஆளில்லை, ஆட்களை ஓட்டி வருகிற கங்காணி நிற்கவும் விடமாட்டான். பாவப்பட்ட பாதை அது. 

திடீரென்று மாடுகள் நின்றன. அதட்டினார். அசையவில்லை. ஒரு புளித்த வாடை... வாந்தியும் ஈர மண்ணும் கலந்த வாடை. பிறகு ஒரு சத்தம். சரக்... சரக்... யாரோ நகத்தால் தரையைப் பிறாண்டுகிற மாதிரி.

லாந்தரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பாதையோரம் ஒரு பெண் கிடந்தாள். சின்ன வயது. நெற்றியில் குங்குமம் அழிந்திருந்தது. அவள் தலைமாட்டில் ஒரு காகம். அந்த இருட்டில், காலாலும் அலகாலும் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டும் பறக்கவில்லை.

நமக்குக் காகம் என்றால் செத்துப்போன நம்முடைய ஆட்கள். முஸ்லிம்களான அவர்களுக்கு அது வேறு. உலகத்தின் முதல் கொலையைச் செய்த காபில், தம்பியின் உடலை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்றானாம். அப்போது ஒரு காகம் வந்து மண்ணைக் கிளறிக் காட்டியதாம், இப்படிப் புதை என்று. குர்ஆன் ஓதப்போன வயதிலிருந்து அவர் கேட்டது. அதே காகம் கண் முன்னால் மண்ணைக் கிளறுகிறது. வேறு என்ன நினைப்பார், நீங்களே சொல்லுங்கள்.

புறங்கையை அவள் மூக்கருகே வைத்துப் பார்த்தார். மூச்சு இல்லை. நாடி பிடித்தார். அதுவும் இல்லை. உடம்பு கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. யார் பெற்ற பிள்ளையோ, மையத்தை, அந்தப் பிணத்தை, நரிக்கு விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. சில்லு சேற்றில் புதைந்தால் தோண்டுவதற்கு வண்டியில் மண்வெட்டி இருந்தது. காகம் பறித்த இடத்திலேயே வெட்டினார். சொந்தக்காரர் யாராவது கிடைத்தால் காட்டலாமென்று அவள் கையிலிருந்த பித்தளைக் காப்பைக் கழற்றி வைத்துக்கொண்டார். முகத்தைத் தன் துவாயால் மூடினார். மண்ணைத் தள்ளினார்.

முடித்துவிட்டுத் திரும்பினால்... காகம் மறுபடியும் மேட்டின்மேல். சரக்... சரக்... இப்போது வேகமாக. ஒரு தடவைகூடக் கத்தவில்லை. கையை ஓங்கினார், போகவில்லை. இது கிளறி வைத்தால் நரி வந்துவிடுமே என்று பயந்து, பாதை போடக் குவித்திருந்த கருங்கல்லில் பெரிதாகப் பார்த்து உருட்டி வந்து மேலே அடுக்கினார். அப்புறமும் அது கல்லைக் கொத்திக்கொண்டேயிருந்ததாம். டக்... டக்... வண்டி வளைவு தாண்டும்வரை கேட்டதாம்.

அன்று வெள்ளிக்கிழமை. மாத்தளைக்கு வந்து குளித்து, ஜும்ஆ தொழுதார். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு அன்றிரவு தூங்கினார்.

திங்கட்கிழமை மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போனார். அங்கே புது ஆட்கள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்க் காப்பைக் காட்டி, பாதையோரம் ஒரு பெண்ணைப் புதைத்ததைச் சொன்னார். ராசையா என்று ஓர் இளவட்டம். பார்த்த மாத்திரத்தில் 'நானா! அண்ணே!' என்று அவர் காலில் விழுந்தான். அவன் பெண்சாதி சின்னப்பிள்ளையின் காப்பு அது.

"செத்துட்டா, நடடான்னு கங்காணி அடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டானுங்க நானா. நரி தின்னுருக்கும்னு நெனச்சு நெனச்சு... நீங்க பொதச்சீங்களா? நீங்களும் ஒங்க புள்ள குட்டிகளும் நல்லா இருக்கணும்!"

அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். அவன் குடியிருந்த காம்பறா வாசலில் ஒரு வாழை இலை கிடந்தது. அதைக் காட்டினான்.

"வந்த அன்னையிலருந்து அவளுக்குச் சோறு வைக்கிறேங்க. செத்தவங்கதானே காக்காவா வந்து திங்கிறது? வெள்ளிக்கெழம வச்சேன். மரம் நெறையக் காக்கா... ஒண்ணும் கிட்ட வரல. சனிக்கெழமையும் அப்பிடித்தான். பக்கத்துக் காம்பறாக்காரி சொல்றா, 'உசுரோட இருக்கிறவளுக்கு வச்சா எப்பிடிடா தொடும்'னு.  ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாறேன்னு கங்காணிகிட்ட கெஞ்சினேன். விடலங்க."

 ஸெய்னுலாப்தீன் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தார். ராசையா விடவில்லை.

"நேத்து ஞாயித்துக்கெழம, பொழுது சாயிறப்ப ஒத்தக் காக்கா ஒண்ணு வந்துச்சு. மூக்கு ஒடஞ்சு, ரத்தமும் மண்ணுமா... ஒரு பருக்கை விடாமத் தின்னுச்சுங்க. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. அவ மண்ணுக்குள்ள போயிட்டா, அதான் வந்து தின்னுட்டா." அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நேத்துத்தானுங்களே, நானா, பொதச்சீங்க?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் அவன் என்ன ஆவான்? சொல்லாவிட்டால் இவர் என்ன ஆவார்?

"ஓம் தம்பி," என்றார் ஸெய்னுலாப்தீன். "நேத்துத்தான்."