பதினேழாம் உளி

காலை ஐந்தே முக்கால். பனங்காணிக்கு நடுவே போகும் சிறைச்சாலை வீதி. ஆள் நடமாட்டம் இல்லை. எங்கள் ஊர் நிருஷனின் பெரியப்பா சீவரத்தினம் சைக்கிளை விட்டு இறங்கி, மரவேலைக் கூடத்தைத் திறக்கிறார். பதினேழாம் உளி... இன்றைக்கும் ஈரம்.

கிட்ட வந்து இருங்கோ. அந்தக் கூடம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் இது விளங்கும். அங்கே கைதிகளுக்குத் தச்சுவேலை பழக்குகிறார்கள். பெரியப்பாதான் ஆசிரியர். சுவரில் ஒரு பலகை. உளி, வாள், சுத்தியல் என்று ஒவ்வோர் ஆயுதத்துக்கும் ஓர் ஆணி, ஓர் இலக்கம், பின்னால் கறுப்புப் பெயின்ற்றில் அதன் உருவம். ஒன்று குறைந்தால் கறுப்பு கண்ணில் குத்தும். நாலு மணிக்கு எல்லாம் தொங்கினால்தான் கைதிகள் அறைக்குப் போகலாம். பிறகு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு பெரியப்பாவிடம், மற்றது காவலரிடம்.

அப்படியென்றால் உளியை நனைப்பது யார்?

"கூரை ஒழுக்கோ அண்ணை?" என்கிறாள் கதை கேட்டுக்கொண்டிருக்கும் றொசாந்தி.

சிவப்பாய் ஒழுகுமோ, பிள்ளை?

பெரியப்பா துடைத்தார். எண்ணெய் பூசினார். அதே ஆணியில் வேறு உளியைக் கொளுவிப் பார்த்தார். அதுவும் ஈரம். இறைச்சிக்கடை மணம்.

மூன்று மாதத்துக்கு முதல் ஒரு பின்னேரம். மரம் சீவுகிற மெசின் அலறிக்கொண்டிருந்தது. நிறுத்தியதும் ஒரு சத்தம். டொக்... டொக்... மரம் வைத்து அறுக்கும் வாங்குக்கடியில் சுபாஸ் என்ற கைதி, குதிக்கால் நிலத்தில் அடிக்கக் கிடந்தான். கழுத்தில் பதினேழாம் உளி.

ஆயுதம் பலகைக்கு வெளியே பிடிபட்டால் ஆசிரியரின் வேலை போய்விடும். பெரியப்பா உளியை இழுத்தார். இறங்கிய உளி உள்ளேயே இருந்தால் இரத்தத்தை அடைத்து வைத்திருக்கும். இழுத்தால் திறந்துவிடும். சுபாஸ் அவருடைய கையைப் பிடித்தான்... பிறகு விட்டான். மரத்தூளில் துடைத்து, ஆணியில் கொளுவிய பிறகுதான் பெரியப்பா விசில் ஊதினார்.

அதிகாரிகள் எண்ணினார்கள். எல்லாம் சரி. குத்திய கைதி தில்லைநாதன் பிடிபடாமல் தப்பிவிட்டான். கூடம் திரும்பத் திறந்த பிறகு, பின்னேரம் தோறும் பல்லிளித்துக் கேட்பான்: "என்ன மாஸ்ரர், கணக்குச் சரியோ?"

ஒருநாள் பெரியப்பா பொறுக்காமல், எல்லோரும் போனதும், உளியைச் சுபாஸ் விழுந்த இடத்தில் வைத்துவிட்டுப் பூட்டினார்.

காலையில் பூட்டுகள் இரண்டும் அப்படியே. உளி ஆணியில். காய்ந்து போய்.

அதே காலை தில்லைநாதனைப் பூட்டிய சிறை அறைக்குள் பிணமாகக் கண்டெடுத்தார்கள். கழுத்தில் அரை அங்குல அகலத் துளை. கூரை வரைக்கும் இரத்தம். ஆயுதங்களை எண்ணினார்கள். சரி.

பெரியப்பா வீட்டுக்கு வந்து வயிறாறச் சாப்பிட்டார். நடந்ததெல்லாம் நிருஷனின் தாய்க்குச் சொன்னார். "இனிக் காஞ்சிருக்கும்" என்றார்.

அடுத்த நாள் திரும்பவும் ஈரம்.

அன்று பின்னேரம் அவர் வீட்டுக்கு வரவில்லை. விடிய, கதவை உடைத்தார்கள். அவருடைய பூட்டு உள்பக்கம் போட்டிருந்தது. மரத்தூள் எல்லாம் கறுத்து ஊறிக் கிடந்தது. வாங்குக்கடியில் பெரியப்பா. கழுத்தில் அதே அகலம். அவர் மணிக்கட்டில் ஐந்து விரல் அடையாளம்.

அதற்குப் பிறகு பதினேழாம் உளி நனையவில்லை. அதைக் காய வைக்க இரண்டு பேர் வேண்டும். குத்தியவன் ஒருவன். இழுத்தவர் ஒருவர்.