தார் வெட்டியதை அவர்களுக்குச் சொன்னது யார்?

(செயலிக் கடை வழக்கில் பெற்ற வெற்றியைக் கொண்டாட வாழை விவசாயிகள் சங்கம் சின்னமனூரில் நடத்திய விழாவில், சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

இந்த விழாவின் தலைமை இருக்கையை அணி செய்து, நான் எழுந்தபோதே "பேச்சைச் சுருக்கிக்கப்பா, மேகமலைப் பக்கம் இருட்டிக்கிட்டு வருது" என்று என் காதில் அன்பாணை பிறப்பித்திருக்கும் சங்கத் தலைவர் ஐயா சின்னப்பராஜ் அவர்களே! ஆணையத்தின் முன் அனலாகப் பேசிவிட்டு, இந்த மேடையில் அமைதியே உருவாக அமர்ந்திருக்கும் பெரியகுளம் வழக்கறிஞர் அம்மையார் கிளாரா அவர்களே! நமக்கென்று ஒரு செயலியைச் செதுக்கித் தந்த இராயப்பன்பட்டிப் பொறியாளர் பெனிட்டா அவர்களே! மார்க்கையன்கோட்டை மண் பெற்ற மாண்பு மொக்கம்மாள் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! இன்றைய தண்ணீர் முறையைப் பக்கத்துத் தோட்டத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் உழவர் பெருமக்களே! வாழைக்கறை வெளுக்காத கைகளால் இப்போது வான் அதிரக் கைதட்டும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

நாம் வென்றிருக்கிறோம்.

பொறுங்கள், பொறுங்கள். வெடியைக் கடைசியில் போடலாம் தம்பி. என் குரல் ஆத்திரத்தில் உயர்வதில்லை, தாழ்ந்துவிடும். ஆகவே கடைசி வரிசையில் இருப்பவர்கள் சற்றே காது கொடுக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து பத்திரிகை நண்பர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக, உங்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வாழைத்தார் மரத்தில் நிற்கும்வரை விலை சொல்பவர் விவசாயி. தார் தரைக்கு இறங்கிவிட்டால் விலை சொல்பவர் வியாபாரி. ஏன்? வெட்டிய தார் வெயில் பொறுக்காது, காத்திருக்காது. எனவேதான் இந்தப் பள்ளத்தாக்கில் நமக்கொரு வழக்கம் உண்டு. "தார் வெட்டியாச்சா?" என்று வியாபாரி போனில் கேட்டால், வெட்டிக் குவித்த தாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "இன்னும் யோசனையாத்தேன் இருக்கு" என்போம். சிரிக்கிறீர்களா? பிரான்சிஸ் அண்ணே, நீங்களுமா சிரிக்கிறீர்கள்? போன வாரம் நீங்கள் போனில் யோசித்துக்கொண்டிருந்தபோது லாரியில் பாதி லோடு ஏறியிருந்தது!

இது பொய்யா? இல்லை. இது பேரம். வாங்குபவர் தன் பையில் இருப்பதை மறைக்கிறார். விற்பவர் தன் தோட்டத்தில் இருப்பதை மறைக்கிறார். மறைக்கும் உரிமை இருவருக்கும் சமமாக இருக்கும்வரை அது சந்தை. ஒருவரிடமிருந்து மட்டும் அது பறிக்கப்பட்டால், அது சந்தையல்ல, சூறை.

அந்தச் சூறை நம் சட்டைப்பைக்குள் வந்த கதையைச் சொல்கிறேன்.

ஒரு கொள்முதல் நிறுவனம் வந்தது. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அவர்கள் நமக்கு உறவுமல்லர், பகைவர் என்று மதிக்கும் அளவுக்கு உயர்ந்தவருமல்லர். ஒரு செயலியைத் தந்தார்கள். "உங்கள் தாருக்கு உங்கள் தோட்டத்திலேயே விலை" என்றார்கள். மண்டிக்கு அலைய வேண்டாம் என்று மகிழ்ந்தோம். திறந்தவுடன் அது ஒரு கேள்வி கேட்டது: உங்கள் புகைப்படங்களைப் பார்க்கலாமா? "சரி" என்று அமுக்கினால் திறந்தது. அமுக்காவிட்டால் திறக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று ஒருவன், "உன் பீரோவைத் திறந்து காட்டினால்தான் உன்னிடம் பேசுவேன்" என்றால் நாம் என்ன செய்வோம்? ஆனால் இங்கே என்ன செய்தோம்? அமுக்கினோம். நானும் அமுக்கினேன். நீங்களும் அமுக்கினீர்கள்.

ஆவணி மாதத்தில் மொக்கம்மாளின் மகள் பாண்டீஸ்வரிக்குக் கல்யாணம். மொக்கம்மாளின் தோட்டம் முழுக்கச் செவ்வாழை, வெட்டுக்குத் தயாராக நிற்கிறது. ஒரு மரத்தைக்கூட அறுவடைக்குத் தொடவில்லை. கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்தார். செயலியில் நல்ல விலை ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முதல்நாள், மண்டப வாசலில் கட்டுவதற்காக, குலை தள்ளிய மரங்களை வரப்போரத்திலிருந்து வெட்டிக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்கள். இரண்டு பக்கமும் தார் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க, மொக்கம்மாள் தன் போனில் ஒரு படம் எடுத்தார். எடுத்தார், அவ்வளவுதான். எவருக்கும் அனுப்பவில்லை. எதிலும் போடவில்லை.

மறுநாள் காலை. மேளம் ஒலிக்கிறது. மொக்கம்மாளுக்கு மட்டும் விலை பாதியாகச் சரிந்திருக்கிறது! பக்கத்துத் தோட்டத்துக் கருத்தக்கண்ணனுக்கு அதே பழைய விலை. ஒரே மண், ஒரே ரகம், ஒரே நாள், இரண்டு விலை! போனும் வருகிறது. பேசியவர் நிறுவனத்தின் முகவர் சுரேஷ்கண்ணன். அன்று நடந்த உரையாடலை மொக்கம்மாளே எனக்கு நடித்துக் காட்டினார்.

"அக்கா, வெயில் ஏறுதுல்ல? வெட்டுன தாரை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக? இந்த வெலைக்கே குடுத்துருங்க."

"எந்தத் தாரைய்யா வெட்டுனேன்? யாரு சொன்னாக?"

"ஸ்கிரீன்ல வெட்டியாச்சுன்னுதான்க்கா காட்டுது."

"எம் மக கல்யாணத்துக்கு வாசல்ல கட்டத்தான்யா வெட்டுனோம்! ஒங்க ஸ்கிரீனு கல்யாணத்துக்கு வந்து மொய் வச்சுச்சாக்கும்?"

சிரியுங்கள், தாய்மார்களே, நன்றாகச் சிரியுங்கள். சிரித்த பிறகு என்னோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். வாசலில் கட்டும் வாழையையும் வண்டியில் ஏற்றும் வாழையையும் பிரித்தறிய முடியாத அந்த அறிவுக்கு, மொக்கம்மாளின் போனுக்குள் போக வழி தெரிந்தது எப்படி? அவர் எவருக்கும் காட்டாத படத்தை அவர்களுக்குக் காட்டியது யார்? மகளின் மஞ்சள் சடங்குப் படம், மருத்துவமனைப் படம், மறைந்துபோன மாமியாரின் படம், அத்தனைக்கும் நடுவே நடந்து போய், வெட்டிய தார் எங்கே என்று தேடியிருக்கிறார்கள்! இத்தனை காலமும் நாம் தார் வெட்டிப் படம் பிடித்த மறுகணமே விலை இறங்கியதே, அதற்கு நாம் என்ன காரணம் சொன்னோம்? நம் நேரம் என்றோம். ராசி என்றோம். கேரளத்தில் மழை என்றோம். அது மழையில்லை, மக்களே. அது நம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த கண்!

பெனிட்டா அதைச் சோதித்து உறுதி செய்தார். பழைய அறுவடைப் படங்களைப் போனில் ஏற்றிய தோட்டத்துக்காரர்களுக்கெல்லாம் விலை இறங்கியது. ஏற்றாதவர்களுக்கு இறங்கவில்லை. பிறகு அவரே நமக்கென்று "நம்ம தார்" என்ற செயலியை எழுதினார். படம் கேட்காத செயலி. இருப்பிடம் கேட்காத செயலி. என்னிடம் இவ்வளவு தார் உண்டு, இன்ன விலை வேண்டும் என்று நாம் சொல்வதை மட்டும் வியாபாரிக்குச் சொல்லும் செயலி. குமுளி, கட்டப்பனை வியாபாரிகள் எல்லாம் அதில் சேர்ந்தார்கள்.

இரண்டே மாதம். நம் போனுக்குச் செயலிகளை இறக்கித் தரும் செயலிக் கடை, நம்மைத் தூக்கி வெளியே வீசியது.

காரணம்? இதை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாம் அந்தரங்கப் பாதுகாப்பு விதியை மீறிவிட்டோமாம்! பயனரிடமிருந்து என்னென்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "எதுவும் எடுப்பதில்லை" என்று பெனிட்டா எழுதினார். அந்தப் பதில் ஏற்கத்தக்கதல்ல என்று மடல் வந்தது. எங்கே தவறு என்று கேட்டார். அதே மடல் மறுபடி வந்தது. யாரிடம் பேசலாம் என்று கேட்டார். அதே மடல் மூன்றாம் முறையும் வந்தது. கையெழுத்தில்லை, பெயரில்லை, மனிதரே இல்லை. அதே கடையின் முதல் வரிசையில், நம் படங்களைத் தின்று கொழுத்த அந்தக் கொள்முதல் செயலி, "சரிபார்க்கப்பட்டது" என்ற முத்திரையோடு வீற்றிருந்தது. எடுப்பவனுக்கு முத்திரை! எடுக்காதவனுக்கு நித்திரை!

இந்தச் சின்னமனூரில் ஒரு மண்டி சரியில்லை என்றால் எதிர்மண்டிக்குப் போகலாம். செயலிக்கு எதிர்மண்டி எங்கே? வாசல் ஒன்று, வாசலில் நிற்பவரும் ஒருவர். உள்ளே கடை போட்டவரும் அவரே, ஒவ்வொரு கடையிலும் பங்கு வாங்குபவரும் அவரே, எந்தக் கடை இருக்கலாம் என்று தீர்ப்பளிப்பவரும் அவரே! அதைக் காவல் என்கிறார்கள். அதற்குப் பெயர் காவலா, மக்களே? அதற்குப் பெயர் கைவிலங்கு!

கடைக்கு வெளியே, நம் சங்கத்தின் இணையப் பக்கத்திலேயே செயலியை வைத்துப் பார்த்தோம். இறக்கப் போனால் போன் சிவப்பெழுத்தில் மிரட்டியது: இது உங்கள் கருவிக்குத் தீங்கு செய்யலாம். நம் செபஸ்தியம்மாள் போனைத் தரையில் வைத்துவிட்டு, "ஆத்தா பெனிட்டா, இது வெடிச்சுக்கிடிச்சுப் போயிராதுல்ல?" என்று தள்ளி நின்று கேட்டார். பயந்தவர்கள் எல்லாரும் பழைய செயலிக்கே திரும்பினார்கள். அந்த வெட்டு முழுவதும் அவர்கள் வாயில் போயிற்று. மொக்கம்மாளின் செவ்வாழையும் போயிற்று. கல்யாண நேரத்தில் நின்ற தாரை மண்டிக்கு அனுப்பிவிட்டு, அந்தத் தாய் கண்ட அடுத்த அறுவடை, அவர்கள் சொன்ன பாதி விலைக்குப் போயிற்று. அடுத்த வெட்டுக்கு முன்பு நாம் கடைக்குத் திரும்பாவிட்டால், கம்பம் முதல் தேனி வரை இனி விலை பேச ஒரு விவசாயியும் மிஞ்சமாட்டார் என்ற நிலை.

வழக்குத் தொடுப்போம் என்றேன். அங்கே தூணோரம் நிற்கிறாரே வேல்பாண்டி, அன்று அவர் என்ன சொன்னார்? "அவுக அங்கன உக்காந்து ஒரு பட்டனை அமுக்குனா, இங்கன நம்ம சங்கமே காணாமப் போயிரும்ணே!" போனோமா, வேல்பாண்டி? எங்கே, கையை உயர்த்திக் காட்டுங்கள்! இதோ, காணாமல் போனவர்கள் மண்டபம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறோம்!

தில்லியில், வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் ஆணையத்தின் முன் விசாரணை. கடைக்கு ஒரு வழக்கறிஞர், நிறுவனத்துக்கு ஒரு வழக்கறிஞர். நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்து புன்னகையோடு கேட்டார்: "ஒரு வாழைமரத்தின் படத்தில் என்ன அந்தரங்கம் இருக்கிறது?" அவையில் சிலர் சிரித்தார்கள். நம் கிளாரா சிரிக்கவில்லை. "மிக நல்ல கேள்வி. உங்கள் நிறுவனம் ஒரு தாருக்கு அதிகபட்சம் என்ன விலை வரை தரத் தயாராக இருக்கிறது என்று இந்த அவையில் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அந்த வழக்கறிஞர் உடனே சொன்னார்: "அது எங்கள் வணிக ரகசியம்."

கிளாரா ஒரே ஒரு சொல் சொன்னார்: "எங்களுக்கும்."

உட்கார்ந்துவிட்டார்!

தட்டுங்கள், இப்போது தட்டுங்கள்! அவர்கள் கணக்கு ரகசியமாம். நம் கல்யாணம் பகிரங்கமாம். அவர்கள் பெட்டிக்குப் பூட்டாம். நம் வீட்டுக்குக் கதவே கூடாதாம். இந்த அநியாயத்தை ஒரு சொல்லில் அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தார் நம் பெரியகுளத்துப் பெண்.

தீர்ப்பு வந்துவிட்டது. "நம்ம தார்" உடனடியாகக் கடைக்குத் திரும்ப வேண்டும். எந்தச் செயலியை நீக்கினாலும், காரணத்தைப் பெயரும் பொறுப்பும் உள்ள ஒரு மனிதர் எழுதித் தர வேண்டும். படம் காட்டாவிட்டால் விலை சொல்லமாட்டேன் என்று எந்தக் கொள்முதல் செயலியும் இனி வாசலை அடைக்கக் கூடாது. மேல்முறையீட்டுக்குப் போகப் போகிறார்களாம். போகட்டும். நாங்கள் வருடம் முழுக்கக் காத்திருந்து தார் காண்பவர்கள். எங்களிடம் பொறுமையைப் போட்டியாக வைக்க வேண்டாம் என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

இந்த வெற்றி எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? இன்று காலையில் என் கண்ணால் கண்டேன். மொக்கம்மாள் தோட்டத்தில் நின்றேன். புதிய வெட்டு. தாரெல்லாம் தரையில் இறங்கி, வாழை இலை போர்த்திக் கிடக்கிறது. "நம்ம தார்" வழியாக ஒரு குமுளி வியாபாரி அழைத்து, மலையாளத்தில் கேட்டார்.

"சேச்சி, குலை வெட்டியோ?"

மொக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கிடக்கிற தாரை ஒருமுறை பார்த்தார். பிறகு, அவசரமே இல்லாமல் சொன்னார்:

"வெட்டுனேனா வெட்டலயாங்கிறது நாஞ் சொன்னாத்தேன் சேட்டா ஒமக்குத் தெரியும். மொதல்ல வெலையச் சொல்லும்!"

வியாபாரி சொன்னார், அன்பர்களே! நாம் செயலியில் கேட்ட விலையையே சொன்னார்!

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் தில்லி வரை போனோம். நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும்! உழுபவர் உரக்கச் சொல்லட்டும், நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும்! மகளைப் பெற்றவர் மார் நிமிர்த்திச் சொல்லட்டும், நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும்! கண்டம் தாண்டிக் கடை விரித்தவனின் கண்ணைப் பார்த்து இந்தப் பள்ளத்தாக்கு ஒரே குரலில் சொல்லட்டும், நான் சொன்னால்தான் உனக்குத் தெரியும்!

வாய்ப்பளித்த தலைவருக்கும், வாதாடி வென்ற வழக்கறிஞருக்கும், செயலி தந்த செல்விக்கும், செவி தந்த உங்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. மொக்கம்மாளுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. வணக்கம் மட்டும் சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்!