இரண்டாவது விஷயம்

மிக முக்கியமான அறிவிப்பு. அனைவரும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும். பல கோணங்களிலும் ஆலோசித்து எடுக்கப்பட்ட முடிவின்படி, சர்க்கரை டப்பா இன்று முதல் மேல் தட்டில் இருக்கும்.

எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பா இப்படித்தான் இடம் மாறும். அனைவரும் என்பது நான். ஆலோசித்தவர் அவர். மேல் தட்டு எனக்கு எட்டாது என்ற கோணம் மட்டும் விட்டுப்போயிருக்கும்.

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர். அந்த நாற்காலி வேண்டாம், அது அவருடையது, ஆளை முன்னால் தள்ளும். பின்பக்கம் கேட்கும் சத்தத்தைப் பொருட்படுத்தாதீர்கள். கையெழுத்து வாங்கத்தானே வந்தீர்கள், போட்டுத் தருகிறேன். என் கணவர் கண்ணாடி அறையில் மாட்டிக்கொண்டு வெயிலில் இறந்தார், கதவுச் சட்டம் சூட்டில் உப்பி இறுகிவிட்டது, பாவம் அந்த அம்மாள் தூங்கிப்போயிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அழகாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில் மட்டும் திருத்த வேண்டும். அதற்கு அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பெரிய அலுவலகம் ஒன்றில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிவரை துணைதான். அந்தக் குறையை வீட்டுக்கு வந்து தீர்த்துக்கொள்வார். எதைச் சொன்னாலும் முதலாவது என்று ஒரு விரலைத் தூக்குவார். பிறகு இரண்டாவது என்று இரண்டு விரல். நடுவில் விடும் இடைவெளியில் நான் பாத்திரம் துலக்கி முடித்திருக்கிறேன். கசப்பானதை முதலில் சொல்லிவிட்டு இனிப்பானதை இரண்டாவதுக்கு வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் நிர்வாகம் என்பார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அவருக்குக் கதவு திறக்கத் தெரியாது. சிரிக்காதீர்கள், உண்மை. அலுவலகத்தில் கதவு திறக்க ஓர் ஆள் இருந்தார். காருக்கு டிரைவர். வீட்டுக்கு நான். அவர் கதவுக்கு முன்னால் போய் நிற்பார், தொண்டையைச் செருமுவார், கதவு திறக்கும். செருமினால் திறப்பது கதவின் இயல்பு என்றே அவர் நினைத்திருக்கக்கூடும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி, ஒன்றையும் மனதில் வாங்காமல் இணைப்புக் கொடுக்கும் வேலை. அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் எங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் ஓடியிருக்காது. ஆனால் ஒன்று. எந்தக் குரல் சும்மா கத்துகிறது, எந்தக் குரல் நிஜமாகவே ஆபத்தில் இருக்கிறது என்பது எங்களுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். அதற்கு ஒரு தடவை எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

எங்கள் ஊர் குளிர் ஊர். அவருடைய முழங்காலுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் வெயில் அடிக்கிற ஊராப் பாத்துப் போங்க சார், வெயில்தான் மருந்து" என்றார் டாக்டர். உடனே அறிவிப்பு வந்தது. முதலாவது, வெயிலூரில் ஒரு வீடு வாங்கப்பட்டுவிட்டது. இரண்டாவது, குளிர் முடிந்ததும் நம் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். அந்த இரண்டாவதை நம்பித்தான் பெட்டி கட்டினேன்.

அந்தக் குளிர் ஊரில் எனக்கு என்ன இருந்தது என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டில் என் அக்கா இருந்தாள். சாயங்காலமானால் வருவாள், இரண்டு பேரும் சீட்டு விளையாடுவோம். அவளும் பேச்சுக்குச் சளைத்தவள் இல்லை. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்து போய்விடுவாள். அக்காவிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

இங்கே இந்தத் தெரு முழுக்க எங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள்தான். காலையில் வாசலில் நின்று "என்ன வெயில் பாருங்க" என்று ஒருவருக்கொருவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், ஏதோ சொந்தமாக வளர்த்த வெயில் மாதிரி. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். போக ஓர் இடம் கிடையாது, வர ஓர் ஆள் கிடையாது. பகலெல்லாம் அவரும் நானும். வேலையில் இருந்தவரை அவரை அலுவலகம் வைத்துக்கொண்டிருந்தது. அந்த அலுவலகத்துக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

குளிர் முடிந்தது. அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கிக் கட்டிலடியில் வைத்தேன். மறுநாள் பெட்டி அலமாரி மேல் இருந்தது. மறுபடி இறக்கினேன். மறுபடி ஏறிவிட்டது. இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் நானே வாயைத் திறந்தேன்.

"ஏங்க, நான் மட்டும் போய் அக்காவைப் பாத்துட்டு வரேனே. நாலு நாள்."

அவர் விரல் எதையும் தூக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். "நீ போயிட்டா, நான் பேசறதை யாரு கேப்பா?"

நியாயமான கேள்விதான். பெட்டியை அதற்கப்புறம் நான் இறக்கவில்லை.

கண்ணாடி அறைக்கு வருகிறேன். வெயில் மருந்து என்றதும், மருந்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்று வீட்டின் பின்பக்கம் கட்டினார். மூன்று பக்கமும் கூரையும் கண்ணாடி. கல்லால் அடித்தாலும் உடையாத கண்ணாடி என்று வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவார். தோட்டத்துப் பக்கம் வழி கிடையாது, மரியாதைப்பட்டவர்கள் வீட்டுக்குள் வந்துதான் போக வேண்டுமாம். வீட்டிலிருந்து போக ஒரே ஒரு நகர்த்துகிற கதவு. உள்ளே பேசினால் தோட்டத்தில் முழக்கம் மட்டும் கேட்கும், சொல் புரியாது. வீட்டுக்குள் இருக்கிற எனக்குச் சொல்லும் புரியும். என் அதிர்ஷ்டம் அப்படி.

இதற்கிடையில் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் தலைவராகிவிட்டார். போட்டியில்லாமல் தேர்வு. தேர்வுக்கு வேறு யாரும் வரவுமில்லை. ஆண்டுக் கூட்டத்தில் பேசத் தினமும் கண்ணாடி அறைக்குள் நின்று ஒத்திகை பார்ப்பார். சாக்கடை அடைப்பைப் பற்றிய பேச்சு. அதில் இரண்டு இடத்தில் குரல் தழுதழுக்கும்.

அந்த நாள் காலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"முக்கியமான விஷயம். முதலாவது, பழைய வீட்டை வித்தாச்சு."

"எந்தப் பழைய வீட்டை?"

"நம்ம வீட்டைத்தான். வாங்கினவன் சாவிகூட வாங்கிட்டான்."

"என் சாமானெல்லாம்?"

"அதையெல்லாம் உங்கக்கா பாத்துக்கறாங்க. நீ ஒண்ணும் அலட்டிக்காதே."

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டை வாங்கியவனுக்குத் தெரிந்திருக்கிறது. சர்க்கரை டப்பாவுக்கே கூட்டம் போடுகிற மனிதர், நான் குடித்தனம் பண்ணிய வீட்டை ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் வைத்துச் சொன்னார். பிறகு இரண்டு விரலைத் தூக்கினார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"இரண்டாவது விஷயம், இப்ப இல்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காரும்போது சொல்றேன். அதுவரைக்கும் பொறுமையா இரு."

நான் பொறுமையாக இருந்தேன். அவர் போய்க் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று செருமினார். திறந்தேன். உள்ளே போனார். சாத்தினேன்.

நான் அந்தக் கதவைப் பூட்டவில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. நீங்களே பார்த்தீர்கள்.

இந்த மேசையில் உட்கார்ந்து சீட்டுக்கட்டைப் பிரித்தேன். தனியாளாக ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது, அக்கா சொல்லிக்கொடுத்தது. உள்ளே அன்புடையீர் என்று ஆரம்பித்துச் சாக்கடை அடைத்து, குரல் தழுதழுத்து, கைதட்டலுக்கு இடைவெளி விட்டு, பேச்சு முடிந்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கதவருகே வந்து செருமினார்.

கேட்டது. அந்தச் செருமல் நான் செத்தாலும் எனக்குக் கேட்கும். ஒரு செருமலுக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. நன்றாக இருந்தது.

இன்னொரு செருமல். பிறகு "இந்தா, கதவு." பிறகு கண்ணாடியைத் தள்ளுகிற சத்தம். நகர்த்த வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒரு சீட்டை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தேன். போன் அவரிடம் கிடையாது. தன்னைத் தேடுகிறவர்கள் காத்திருக்கட்டும் என்பது அவர் கொள்கை.

அடுத்த வீட்டுப் பல் டாக்டர் மதில் மேலாகத் தலையை நீட்டினார். ஓய்வு பெற்றும் யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் முதலில் பார்ப்பார். நான் துணி எடுக்கக் கொல்லைக்கு வந்திருந்தேன். கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியதில் உள்ளே ஆள் தெரியவில்லை.

"என்ன மேடம், தலைவர் இன்னிக்கு ரொம்ப ஆவேசமா இருக்கார்போல?"

"கூட்டம் நெருங்குதில்ல டாக்டர்."

"கையையெல்லாம் வேற தட்டறார்."

"அந்த இடத்துல ஜனங்க கைதட்டுவாங்களாம். பழகிக்கறார்."

"கஷ்டம்தான்" என்றார். அவருக்கா, எனக்கா, ஜனங்களுக்கா என்று சொல்லவில்லை. வானொலியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. அந்தக் குரலை அவர் தினமும் கேட்கிறவர். எனக்குத்தான் அது மாறிய இடம் தெரியும். பேச்சில் அலங்காரம் உதிர்ந்து, வார்த்தை ஒவ்வொன்றாகத் தேய்ந்து, கடைசியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இத்தனை வருஷமாக இந்தா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குச் செய்தி.

ஆக, நான் தூங்கவில்லை. அது முதல் திருத்தம்.

ஒரு தடவை எழுந்து போய்ப் பார்க்கவும் செய்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, சட்டை நனைந்து, என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கையைத் தூக்கிக் கண்ணாடியில் வைத்தார். இரண்டு விரல். இந்த நிலையிலும் மனிதர் பாயிண்ட் போடுகிறாரே என்று எனக்கு ஓர் அலுப்பு வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். அன்றைக்குச் சீட்டாட்டம் கைகூடியது. மற்ற நாளில் கைகூடியதே இல்லை.

சத்தம் அடங்கிய பிறகு மேசையில் இரண்டு தட்டு வைத்தேன், பழக்கம். அப்புறம் போய்க் கதவைத் திறந்தேன். அப்புறம் உங்களுக்கு போன் செய்தேன். குரல் நடுங்காமல் முகவரி சொன்னேன் என்று எல்லோரிடமும் மெச்சிக்கொண்டீர்களாம். அது தொழில் பழக்கம்.

அக்காவுக்கும் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் காலை அவளே வாசலில் நின்றாள். ஆட்டோ நிறையப் பெட்டி.

"அக்கா, யாரு உனக்குச் சொன்னது?"

"என்னத்தைச் சொல்லணும்? ரயில் ஏறி வந்தேன். ஏண்டி முகம் இப்படி இருக்கு? மாப்பிள்ளை எங்க?"

சாவுக்கு வந்தவள் இல்லை அவள். குடியிருக்க வந்தவள். அவளும் தன் வீட்டைக் கொடுத்துவிட்டாள். பின்னறையை அவளுக்கு ஒழித்துவைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அழுகை ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"உனக்குத் தெரியவே கூடாதுன்னார்டி. முதல் விஷயத்தைச் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா, ரெண்டாவதைச் சொல்லிச் சிரிக்க வைக்கறேன்னார். என்ன சிரிச்சியா நீ?"

கசப்பு முதலில், இனிப்பு இரண்டாவது. காலையிலேயே சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேச்சைக் கேட்டே பிழைத்தவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் காட்டியது எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் திறந்திருப்பேனா என்று கேட்காதீர்கள். திறந்திருப்பேன் என்று சொல்லத்தான் நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இனி அடுத்த திருத்தம். சட்டம் உப்பவில்லை. அந்தக் கதவு சின்னக் குழந்தை தொட்டாலும் நகரும். பூட்டு கிடையாது என்றேன், அது சத்தியம். வீட்டுப் பக்கம் ஒரு கொக்கி உண்டு. வெளியூர் போகும்போது திருடன் வராமலிருக்கப் போட்டது. நாங்கள் எங்கேயும் போகாததால் அது புதிதாகவே இருந்தது. அன்றைக்குக் கதவைச் சாத்தியதும் அதை மாட்டினேன். எல்லாம் முடிந்ததும் எடுத்துவிட்டேன். கதவு திறக்கத் தெரியாத மனிதருக்குக் கொக்கி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்குப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிட்டால்?

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திருத்தி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கம் சத்தம் கேட்கிறது என்றேனே, அது ரேடியோ இல்லை, அக்கா. விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். விளக்கு வைத்தாலும் எழுந்து போவதற்கு அவளுக்கு இப்போது வேறு வீடு கிடையாது.

என்னை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது இன்ஸ்பெக்டர். அக்காவுக்கு அந்தக் கண்ணாடி அறை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.