பொய் வலி

என் பெயரும் முகவரியும் என் கணவர் கொடுத்த புகாரில் உள்ளபடியே சரி. வயது இருபத்தாறு. தையல் வேலை செய்கிறேன். கணவர் செருப்புக் கடை வைத்திருக்கிறார்.

நான் உண்டான பிறகு முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு மருந்துக் கடை மாடியில் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மாவிடம் போனோம். அவர் என்னை உட்கார வைத்து, பொய் வலி என்றால் நடந்தால் தணிந்துவிடும், நிஜ வலி விட்டு விட்டு வந்து போகப் போக நெருங்கும், நடந்தாலும் தணியாது, அப்போது யோசிக்காமல் வந்துவிட வேண்டும் என்று விளக்கினார். இவரிடமே பார்ப்பது என்று நான்தான் முடிவு செய்தேன். அப்போது என் கணவர் கீழே வண்டியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒரு நாள் இடுப்பு வலித்தது. கணவர் கடையை மூடிவிட்டு அழைத்துப் போனார். நர்ஸம்மா பார்த்துவிட்டு, "பொய் வலிதான், பயப்படாதீங்க" என்று அனுப்பினார். கதவருகே நின்ற என் கணவர், நான் பொய் சொன்னதாக எடுத்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அன்றிலிருந்து நான் இடுப்பில் கை வைத்தாலே, "இது அசலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்பார். கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிச் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

அதன் பிறகு அடுத்த வாரம் காலையில் வலி வந்தது. கடைக்குப் போன் செய்தேன். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? சாயங்காலம் பாக்கலாம், படு" என்று வைத்துவிட்டார். வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தேன். தணியவில்லை. நர்ஸம்மாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அவரும் பொய் வலி என்று சொல்லிவிட்டால் வீட்டில் தலைகாட்ட முடியாது என்று கீழே வைத்துவிட்டேன். அதன் பிறகு பனிக்குடம் உடைந்து, பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோவில் நர்ஸம்மாவிடம் கூட்டிப் போனார். மாடிப்படி ஏறும்போதே வயிற்றில் அசைவு இல்லை. நர்ஸம்மா வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, உடனே ஆம்புலன்ஸை வரவழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். வழி முழுக்க என் கையை விடவில்லை. பெண் குழந்தை. அழவில்லை.

அன்றைக்கும் பொய் வலி என்று நர்ஸம்மா எங்களைத் திருப்பி அனுப்பியதாகப் புகாரில் எழுதியிருக்கிறது. அவர் அனுப்பவில்லை. வெளியே பெஞ்சில் இருக்கும் என் கணவர், இந்த விசாரணைக்கு வரும் வழியில், "ஒரே ஒரு பொய்தானே, எனக்காகச் சொல்லிடு" என்றார். நான் சொல்லவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் எதுவும் இல்லை. அன்றைக்கு வந்த வலியும் உண்மை.

(கையெழுத்து)