பத்து அடி சோதனை நடை

என் பெயர் சத்யப்பிரியா, வயது 33, கணவர் பெயர் செம்பியன். கடலூர் முதுநகரில் குடியிருக்கிறேன். தினமும் பஸ்ஸில் சிதம்பரம் வந்து, திரு. கதிரவன் நடத்தும் அனிமேஷன் ஸ்டுடியோவில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். சென்சார் சூட்டைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. உடம்பெங்கும் சென்சார் மாட்டிய அந்த உடையைப் போட்டுக்கொண்டு நடந்தால், கம்ப்யூட்டர் திரையில் முகமில்லாத ஒரு சாம்பல் உருவம் அதேபோல் நடக்கும்.

சென்ற மாதம் வரை படங்களுக்கும் நானே நடந்து கொடுத்தேன். அதன் பிறகு பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அல்மாஸ் என்ற பெண், வயது 23, அந்த வேலைக்கு வந்தார். அவர் முதல் நாள் நடந்ததைப் பார்த்துவிட்டு கதிரவன் சார் என்னிடம், "இதுதான் நட. உன்னுது ரேஷன் கடை க்யூவுல நகர்ற மாதிரி இருக்கு சத்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதன் பிறகு அந்தப் பெண்ணுக்குச் சூட்டை மாட்டிக் கழற்றி, வியர்வையைத் துடைத்து வைப்பதுதான் என் வேலையாயிற்று.

காலையில் முதலில் வருபவர், நானோ அல்மாஸோ, சூட்டைப் போட்டுக்கொண்டு பத்து அடி நடந்து சோதிப்பது வழக்கம். கடந்த திங்கட்கிழமை எட்டரை மணிக்கே நான் வந்து சோதித்தேன். அதன் பிறகு, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அல்மாஸ் நிற்கும் இடத்தில் ரப்பர் விரிப்புக்கு அடியில் வைத்தேன். காந்தம் பக்கத்தில் இருந்தால் சென்சாருக்குத் திசை தவறிவிடும்.

அதன் பிறகு மூன்று நாட்கள் அல்மாஸ் நடந்தபோதெல்லாம் திரையில் கால்கள் பின்னிக்கொண்டன. என்னையே பழுது பார்க்கச் சொன்னார்கள். நானும் ஒவ்வொரு சென்சாராகக் கழற்றி மாட்டிவிட்டு, சூட்டை முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அல்மாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்கதான தினம் கழட்டி விடுறீங்க, நான் கெடுக்கலன்னு சார்கிட்ட சொல்லுங்கக்கா" என்று அழுதார். நான் கையை விடுவித்துக்கொண்டு சூட்டை மடித்து வைத்தேன். வேண்டுமென்றே சூட்டைக் கெடுத்ததாகக் கதிரவன் சார் அவர் மீது போலீஸில் புகார் கொடுத்தார்.

நேற்று உதவி ஆய்வாளர் ஸ்டுடியோவுக்கு வந்து, சூட் கடைசியாக எப்போது நன்றாக இருந்தது என்று கேட்டார். கதிரவன் சார் திங்கட்கிழமை காலைச் சோதனைப் பதிவைத் திறந்தார். நடந்து முடித்ததும் பதிவை நிறுத்த அன்று நான் மறந்துவிட்டேன்; சூட்டைக் கழற்றாமலேதான் காந்தத்தை வைத்திருந்தேன். திரையில் சாம்பல் உருவம் பத்து அடி நடந்தது. அதன் பிறகு மேசைப் பக்கம் போய்த் திரும்பி, குனிந்து, எதையோ அடியில் தள்ளியது. வலது மணிக்கட்டு மட்டும் காந்தத்தால் முறுக்கிக்கொண்டு இருந்தது. உதவி ஆய்வாளர் விரிப்பைத் தூக்கிக் காந்தத்தை எடுத்தார். "மூஞ்சியே இல்லையே, ரெண்டு பேர்ல யாருன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். அல்மாஸ் மாதிரி தெரிகிறது என்று நான் சொன்னேன்.

கதிரவன் சார் யோசிக்கக்கூட இல்லை. "அல்மாஸ் இல்ல சார். இது சத்யா நட. எந்தக் கூட்டத்துல பாத்தாலும் சொல்லிடுவேன்" என்றார்.

என் நடையை அவர் இத்தனை வருடமும் பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு நான் எதையும் மறுக்கவில்லை. இதில் அல்மாஸுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுவே, கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
செ. சத்யப்பிரியா