அரை நூல்

சாயா ஆறுது, பாஸ்டரய்யா, குடிங்க. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். எதிர்க்கடை ஜமீலாவுக்கு நம்ம ஷெட்டுக்குன்னா கை தாராளம். மரத்தூள் விழுந்திருந்தா ஊதிட்டுக் குடிங்க. தேக்குதான், ஒண்ணும் செய்யாது.

சால்வை விஷயத்துக்கு வாரேன். ஸ்தோத்திரப் பண்டிகை அன்னைக்கு என்னை மேடையில நிறுத்தி, "எட்டு வருஷமா சிநேகிதனுக்கு வலது கையா இருக்குற வேதமணி"ன்னு சொல்லிச் சால்வை போத்தணும்னு சொல்லுதீங்க. சபையில எல்லாருக்கும் சம்மதம்னும் சொல்லுதீங்க. சந்தோஷம். ஆனா அதை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை நீங்க எங்கிட்ட இருந்தே கேட்டுக்கிடணும். கேட்ட பிறகு போத்தினாலும் சரி, மடிச்சுப் பீரோவுல வச்சாலும் சரி.

நீங்க பூனாவுக்கு வந்து ரெண்டு வருஷம்தானே ஆச்சு. இன்பநாதனை ஒத்தைக் கையோடதான் பாத்திருப்பீங்க. அவனை ரெண்டு கையோட பாத்திருக்கணும். எங்க ரெண்டு பேரோட அப்பாவும் நாசரேத்துப் பக்கத்துல இருந்து பட்டாளத்துக்கு வந்து, அப்படியே கிர்க்கியில தங்கிட்டவங்க. ஒரே லைன் வீடு, ஒரே ஞாயிறு பள்ளி. அவன் வாயைத் திறந்தா மூட மாட்டான். நான் திறக்கவே மாட்டேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு மனுஷன்னு ஜனங்க கேலி பண்ணுவாங்க. நான் அதைக் கேலியா எடுத்துக்கிடல.

எழுபத்து நாலுல இந்த ஷெட்டைப் போட்டோம். தாபோடியில அப்ப ரயில் லைன் ஓரம் வெறும் கருவேலங்காடு. தொழில் என்னன்னா, பழைய அறுப்பு மெஷினை வாங்கிச் சீர் பண்ணி ஓட விடுறது. யுத்த காலத்துல வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டாந்து இறக்கின வட்ட வாள் மெஷின் எல்லாம் மிலிட்டரி ஏலத்துல வரும். மூடிப்போன மரக்கடையில புறா எச்சத்துக்கு அடியில கிடக்கும். பழைய இரும்பு வாங்குற கபாடிக்காரன் உடைச்சுக் கிலோக் கணக்குல விக்கத்தான் வருவான். நாங்க முழுசா எடுத்துட்டு வருவோம். மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, துரு சுரண்டி, தேஞ்சுபோன பேரிங்குக்கு ஈயக் கலவை உருக்கி ஊத்தி, மேசையைக் கண்ணாடியாத் தேய்ச்சு எடுக்க மாசக் கணக்காகும். சரியா வந்த மெஷின் ஓடும்போது அந்த மேசை மேல எட்டணாவை நட்டமா நிறுத்தலாம், விழாது. முதல் தடவை அப்படி நின்னப்ப இன்பநாதன் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான். "வேதம், நாம செத்தாலும் இது ஓடும் லே"ன்னான்.

எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. மாட்டினவன் பாக்கக் கூடாது, பாத்தவன் மாட்டக் கூடாது. தன் வேலை தனக்குக் குத்தமாத் தெரியாது பாருங்க, அதுக்காக. மெஷினை ஒருத்தன் முடுக்கி முடிச்சதும் இரும்பு ஸ்கேலை மத்தவன் கையில குடுப்பான். மத்தவன் நின்னு நிதானமா அளந்து பாத்துட்டு, சரின்னு சொல்லி, முதல் பலகையை அவனேதான் அறுக்கணும். அந்த முதல் பலகையில ஃப்ளோராவுக்குச் சப்பாத்தி தேய்க்குற போல்பாட் ஒண்ணு செஞ்சு குடுப்போம். ஃப்ளோரா அவன் சம்சாரம். எனக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் அமையல, நான் தேடவும் இல்ல. அவங்க வீட்டுல போல்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது.

எழுபத்தேழுல எனக்கு ஒரு சர்க்கார் ஒர்க்ஷாப்புல வேலை வந்துச்சு. பென்ஷன், குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. நான் அவங்கிட்டச் சொன்னேன், போகலன்னும் சொன்னேன். "உன்னை விட்டுட்டுப் போவேனா"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். "நீ ஒரு பைத்தியம் லே, போயிருக்கலாம்"னான். அதை நான் அன்னைக்கு விளையாட்டுன்னு நினைச்சேன்.

எண்பத்தொண்ணு ஜூன்ல ஆராதனை முடிஞ்சு வெளிய செருப்பைத் தேடிட்டு இருக்கேன். ஆகுர்டியில ஒரு மோட்டார் கம்பெனி கேன்டீன்ல இருக்குற ஜான் வந்து கையைப் பிடிச்சுக் குலுக்குதான். "அண்ணாச்சி, உங்க ஆளு அடுத்த மாசம் எங்க கம்பெனியில சேருதாராமே, வார்ப்புக்கு மர அச்சு செய்யுற பேட்டர்ன் செக்ஷன்ல. டெஸ்டுல முதல் ஆளா வந்தாராமே"ங்கான். நான் "ஆமா, ஆமா"ன்னேன். அந்த ஆமாவைச் சொல்லுதப்ப எனக்கு இருந்த அவமானத்தை உங்களுக்கு எப்படிச் சொல்ல. டெஸ்டு எழுதப் போன அன்னைக்கு, பல்லு வலின்னு சொல்லி எங்கிட்ட லீவு கேட்டவன் அவன். நான் கிராம்புத் தைலம் வாங்கிட்டுப் போய் வீட்டுல குடுத்துட்டு வந்தேன். ஃப்ளோராவும் வாங்கி வச்சுக்கிட்டா.

வயிறு எரிஞ்சுது, பாஸ்டரய்யா. பொய் சொல்லுவானேன். நம்ப வச்சுக் கழுத்தறுக்குறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன், அது இவ்வளவு சத்தமில்லாம நடக்கும்னு அதுவரை தெரியாது.

ஆனாலும் நான் அவசரப்படல. அவனே சொல்லட்டும்னு இடம் குடுத்தேன். தினமும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது, "வேற என்ன விசேஷம்?"னு கேப்பேன். "ஒண்ணுமில்ல லே"ம்பான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டு, எனக்கு அந்தச் சோத்துலயே ஒரு துண்டு மீனும் வைப்பான். நான் தின்னேன். நல்ல மீன்தான்.

அப்ப எங்க கையில இருந்தது நாங்க தொட்டதுலயே பெரிய மெஷின். மேசை மட்டும் நாலு ஆள் தூக்குற கனம். அதை மாட்டி முடுக்குறது என் முறை, பாக்குறது அவன் முறை. வட்ட வாள்ல பிளேடுக்குப் பக்கத்துல ஒரு இரும்புப் பட்டை இருக்கும், கைடுன்னு சொல்லுவோம். பலகை அதை ஒட்டித்தான் போகும். அந்தக் கைடு பிளேடுக்கு நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்கணும். பின்பக்கம் பிளேடைப் பாத்து அரை நூல், அதாவது இஞ்சுல பதினாறுல ஒரு பங்கு, சாஞ்சிருந்தாப் போதும், பலகை பாதி வரைக்கும் நல்லாப் போகும், அப்புறம் இறுகிரும். இறுகினா பிளேடு அதைக் கவ்வித் திருப்பி வீசும். தள்ளிட்டு இருக்குற கைக்கு அந்த நேரம் பிடிமானம் இருக்காது, முன்னாடி போயிரும். அரை நூலைக் கண்ணால பாத்தாத் தெரியாது. ஸ்கேலை முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை வச்சா சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் அரை நூல் வச்சேன்.

அதுல என் நியாயம் என்னன்னு சொல்லுதேன். அவன் பாத்துக் கண்டுபிடிப்பான். என் முகத்தைப் பாப்பான். "என்ன லே இது"ம்பான். நான் அப்பக் கேப்பேன், உன் கோணல் என்னன்னு. அவ்வளவுதான் என் திட்டம். அப்படித்தான் நான் எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

மறுநாள் காலையில மழை விட்டிருந்துச்சு. அவன் வந்தான், இஸ்திரி போட்ட சட்டை. நான் "வா, பாரு"ன்னு ஸ்கேலை அவன் கையில குடுத்தேன். அவன் அதை வாங்கினான், மெஷினைப் பாத்தான், என்னைப் பாத்தான். பிறகு ஸ்கேலைச் சட்டைப் பையில செருகிக்கிட்டான்.

"இன்னைக்கு நான் பாக்கல வேதம்"னான். "இன்னைக்குப் போய் உன் வேலையை நான் சோதிச்சா நல்லாருக்காது. நீ மாட்டினது, அவ்வளவுதான். அறுத்து முடிச்சிட்டு உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

பாத்தீங்களா. சொல்லணும்னுட்டான். நான் கேட்டுக்கிட்டு இருந்த வார்த்தை வந்துட்டு. அந்த இடத்துல, "முதல்ல சொல்லு, அப்புறம் அறுக்கலாம்"னு நான் சொல்லியிருக்கலாம். ஸ்கேலை எடுத்து வச்சுப் பாரு லேன்னு சொல்லியிருக்கலாம். எல்லாம் தோணுச்சு. தோணலன்னு சொன்னா அது பொய். கூடவே இன்னொண்ணும் தோணுச்சு. இவன் சொல்லிட்டான்னா போயிருவான். அவன் சொல்லட்டும்னு நான் ஏங்கினது நிஜம்தான், ஆனா சொன்ன பிறகு என்னன்னு அதுவரைக்கும் நான் யோசிக்கவே இல்ல.

"சரி, அறுத்துட்டே சொல்லு"ன்னேன். ஸ்விட்சைப் போட்டது நான்தான்.

எட்டணாவை மேசை மேல நிறுத்தினான். நின்னுச்சு. "பாரு லே, பாரு"ன்னு சிரிச்சான். எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் பலகையைத் தள்ளினான். பாதி வரைக்கும் அருமையாப் போச்சு. மீதியை நான் விவரிக்கல, நீங்க சாயா குடிச்சிட்டு இருக்கீங்க.

என் சட்டையைக் கழத்திச் சுத்திக் கட்டினேன். ரிக்ஷாவுல மடியில வச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். ரத்தமும் நான்தான் குடுத்தேன். மணிக்கட்டுக்கு மேல எடுக்கணும்னாங்க, அதுக்குச் சாட்சிக் கையெழுத்தும் நான்தான் போட்டேன். அதெல்லாம் சபைக்கே தெரியும். தெரியாதது ஒண்ணு உண்டு. அவனை உள்ள கொண்டு போனதும் நான் ஷெட்டுக்கு வந்து கைடை நேராக்கினேன். கோணலா ஒரு மெஷின் நம்ம ஷெட்டுல நின்னா எனக்கு இருப்புக் கொள்ளாது.

கம்பெனி வேலை போச்சு. அதைப் பத்தி அவன் எங்கிட்ட வாயைத் திறக்கவே இல்ல. நானும் கேக்கல. "நான் பாக்காம விட்டது என் புத்தி"ன்னு போறவன் வாரவன்கிட்ட எல்லாம் சொல்லுதான். யோசிச்சுப் பாத்தா அதுவும் சரிதானே.

அன்னையில இருந்து தினமும் காலையில அவன் வீட்டுக்குப் போறேன். சவரம் பண்ணி விடுதேன். பித்தான் போட்டு விடுதேன். ஃப்ளோரா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினதும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இங்க வாரோம். இங்க அந்த முக்காலியில உக்காருவான். மதியம் மீன்ல முள்ளு எடுத்து வைக்குதேன். இந்த எட்டு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபம் கிடையாது. அவன் முன்ன மாதிரி அதிகம் பேசுறதில்ல, எனக்கு அதுவும் பழகிருச்சு.

ஒரே ஒரு தடவை ஃப்ளோரா ஒரு வார்த்தை சொன்னா. ஆஸ்பத்திரி வராந்தாவுல. "அண்ணே, கம்பெனி விஷயத்தை உங்ககிட்டச் சொல்ல அவங்களுக்குப் பயம். மாசக் கணக்காத் தூங்கல. வேதம் தாங்க மாட்டான், என்ன செய்வானோன்னு சொல்லிட்டே இருந்தாங்க"ன்னா. எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் விளங்கல. என்னைக் கண்டு அவனுக்கு என்ன பயம்? நான் ஒரு நாளாவது அவங்கிட்டக் குரலை உசத்தியிருக்கேனா?

இப்ப நீங்களும் அதே வார்த்தையைத்தான் சொல்லுதீங்க. சபை சேந்து அவனுக்குச் செயற்கைக் கை வாங்கிக் குடுத்ததுல எனக்கும் சந்தோஷம்தான். அதை வச்சு ஆகுர்டியில ஸ்டோர்ல உக்காந்து பாக்குற வேலை கிடைச்சிருக்கு, ஒண்ணாந்தேதி சேருதான். "வேதமணிகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க பாஸ்டர், எனக்குப் பயமா இருக்கு"ன்னு உங்களை அனுப்பியிருக்கான். சால்வையோட சேத்து இதையும் சொல்லத்தானே வந்தீங்க. அன்னைக்கு ஜான், இன்னைக்கு நீங்க. இவ்வளவு முள்ளு எடுத்துக் குடுத்த கைக்கு ஒரு வார்த்தை நேரா வரல.

நான் வருத்தப்படல. நீங்க ஏன் டம்ளரைக் கீழ வச்சிட்டீங்க? இன்னும் பாதி இருக்கு.

பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடியிருக்கே, அது ஒரு பழைய பெரிய வாள். ரெண்டு மழைக்காலமா வேலை பாத்தது. புதன்கிழமை ஓட்டுறோம். நேத்து சாயந்தரம் அவனே வந்து புதுக் கையைத் தூக்கிக் காட்டி, "வேதம், இந்தத் தடவை முதல் பலகை நான் அறுக்குதேன்"னான். ஏன்னு எனக்கு அப்ப விளங்கல. இப்ப நீங்க சொன்ன பிறகு விளங்குது. போறதுக்கு முன்னாடி ஆசைப்படுதான். அறுக்கட்டும்.

மெஷினை மாட்டினது நான். பாக்க வேண்டியது அவன். ஸ்கேலை அவன் கையில நானே எடுத்துக் குடுப்பேன், பாஸ்டரய்யா. நான் என்னைக்கும் குடுக்காம இருந்தது இல்ல.