வரப்புல நின்னா வராத பாட்டு

— மைக்கு முன்னாடி நின்னு பாடறதுன்னா நான் வர்ல, சௌமியாம்மா. எத்தினி வாட்டி கேட்டாலும் இதான் பதிலு.

— கோச்சிக்காதீங்க பாஞ்சாலிக்கா. எங்க அத்தைக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆனதுலேருந்து கும்மிக்குப் பாட்டு எடுத்துக் குடுக்க ஆளே இல்ல. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி அடிவாரத்துல நம்ம ஊரு கும்மின்னு நோட்டீஸ் போட்டு ஒட்டியாச்சு. மலை ஏறப்போற காவடிக்காரங்க எல்லாம் நின்னு பார்ப்பாங்க. இப்போ போயி எப்படி நிறுத்தறது? அந்தப் பாட்டு முழுசா தெரிஞ்சவங்க நீங்கதான்.

— தெரியாம இன்னா? எங்க அம்மா கட்டுன பாட்டு. இதோ, இதே உங்க கழனியில நாத்து நட்டுகினே கட்டுச்சு.

— யக்கோவ், வாய் பேசட்டும், கை நடட்டும். உன் வரிசை தனியாப் போவுது பாரு.

— சும்மா இர்றி கவிதா. அவங்க வேகாத வெயில்ல வரப்புல நின்னுகினு கேக்கறாங்க, பதில் சொல்லாம எப்பிடி இருக்கறது?

— மைக்கு வேணாம்னா இப்பவே போன்ல பாடிக் குடுங்கக்கா. பதிவு பண்ணிக்கறேன். அதைப் போட்டுட்டு ஆடிக்கறோம்.

— போன மாசம் உங்க வீட்டு வாசல்ல நிக்க வச்சு இதே மாதிரி போனை நீட்னீங்களே, இன்னா ஆச்சு?

— பாதியிலயே நிறுத்திட்டீங்க.

— உங்க தெருவுல இன்னா பேசிகினாங்க?

— பிகு பண்றீங்கன்னு. எங்ககூட கும்மி ஆடற நிர்மலா சொன்னாங்க. நானும் கொஞ்சம் அப்படித்தான் நெனைச்சேன், பொய் சொல்லல.

— பிகுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நின்னா எனக்குப் பாட்டு வராதும்மா. இடுப்பு வளையணும், காலு பின்னால போவணும், அப்பதான் அடுத்த அடி வாயில வந்து நிக்கும். சும்மா நின்னு பாடுன்னா எனக்கு எங்க அம்மா குரலே மறந்துபூடுது.

— அது நெசம்தாம்மா. ஆர்.கே.பேட்டை பஸ்ல குந்திகினு ஒரு வாட்டி பாடச் சொன்னேன். பாடறதுக்குள்ள காலை அப்பிடி உதறுச்சு, கண்டக்டரு வந்து, இன்னாம்மா வலிப்பு கிலிப்பான்னு கேட்டுட்டாரு. முன் சீட்டுல இருந்த ஆயா இரும்பு சாவியத் தேடுது.

— போடி உன்னோட. சிரிக்காதீங்கம்மா, அவ கூட்டிச் சொல்றா.

— இல்லக்கா, காலு பின்னால போவணும்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் யோசிக்கறேன். நாங்களும் அந்தப் பாட்டுக்கு மட்டும் பின்னாடியே நடந்துதான் கும்மி அடிப்போம்.

— ஏன்னு யாராவது கேட்டீங்களா?

— கேட்டேனே. அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது, அதுக்குத்தான்னு அத்தை சொன்னாங்க.

— ஏம்மா, வட்டமா நின்னா பாதிப் பேரு முதுகு அம்மன் பக்கம்தானே இருக்கும்?

— அட, ஆமா கவிதா. இத்தனை வருஷம் பயந்து பயந்து ஆடியிருக்கோம், இது ஒருத்தருக்கும் தோணலையே.

— அம்மனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நாத்து நடறவ முன்னால போனா நட்டதை மிதிச்சிகினுதான் போவணும். அதான் பின்னால. குனிஞ்சு நிமிர்றீங்களே, அது நாத்தை ஊனற குனிவு. அப்போ எங்க அம்மா வயித்துல நான். நெறமாசம். எல்லாரும் சரசரன்னு போறாங்க, அதால முடியல. அதான் பாட்டு கட்டுச்சு. பாட்டு மெதுவாப் போனா வரிசையும் மெதுவாத்தானே போவும்?

— அதுக்குத்தான் அது இவ்வளவு நிதானமான பாட்டா?

— ஆங். நீங்க மோளத்தை வச்சிகினு ஓட்டறீங்க. அது ஓடறவ பாட்டு இல்ல.

— அப்போ கை தட்டறது?

— நாத்துக் கட்டை முடிம்போம், அதை எடுக்கக் கரைக்குப் போவ எங்க அம்மாவால முடியாது. பக்கத்துல நட்டவ முடியை எடுத்து அது கையில வப்பா. வாங்கி அடுத்தவ கையில அது வக்கும். இப்பிடியே கைக்குக் கை. வேலை முடிஞ்சு எங்க கோயில் முன்னாடி ஆடும்போதும் அதே மாதிரி கைமேல கை வச்சாங்க. சத்தம் கேட்டுச்சு, தட்டுன்னு ஆயிப்போச்சு. உங்க அத்தை இந்த வரப்புல உக்காந்து கேட்டுகினு போயி உங்க தெருவுல எடுத்தாங்க. நல்லாப் பாடினாங்க, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஒரு அடியை மட்டும் உட்டுட்டாங்க.

— எந்த அடி?

— கவிதா, எடுடி.

— வரப்பு மேல நிக்கறவரே, வேட்டி நனைய வாங்க. வந்து ஒரு நாத்து நட்டு வலி இன்னா பாருங்க.

— ஐயோ. இதை எங்க மாமனார் முன்னாடி பாடியிருந்தா?

— அவரோட அப்பா முன்னாடியே பாடினாங்கம்மா. அவரு சிரிச்சிகினு போயிட்டாராம். கழனியில பாடலாம், தெருவுல கூடாது. அதான் கணக்கு.

— அக்கா, தெருவுல சொல்லி அனுப்பினதை மறைக்காம சொல்லிடறேன். நீங்க மைக்குகிட்ட நின்னு பாடினா புதுப் புடவை உண்டு, மேடையில பேரு சொல்லி மாலை உண்டு. வட்டத்துக்குள்ள மட்டும் வர வேணாமாம்.

— ஏன்னு சொன்னாங்களா?

— உங்களுக்குத் தெரியும்க்கா.

— தெரியும். உங்க வாயால சொல்லுங்க.

— வட்டத்துல நின்னா பக்கத்துல நிக்கறவங்க உங்க கையைத் தொட்டுத் தட்டணும். அதுக்காகத்தான்.

— சொல்லிட்டீங்க. சந்தோசம். கைமேல கை வச்சதால வந்த பாட்டும்மா அது. பாட்டு வேணும், கை வேணாம்னா எனக்கு வலிக்குது. கோவம்கூட இல்ல, வலிக்குது. நான் வட்டத்துல நின்னு, எங்க அம்மா நடந்த மாதிரி நடந்துதான் பாடுவேன். இல்லன்னா அந்தப் பாட்டு இந்த வருசம் மலையடிவாரத்துக்கு வராது.

— நீங்க வந்து நின்னும் நிர்மலா கையைக் குடுக்கலன்னா?

— நீட்டிகினே ஆடுவேன். தாளம் தப்பினா அது அவங்க தப்பு.

— இதான் முடிவா?

— இதான்.

— அப்போ ஒரு நாத்து முடி குடுங்க.

— எம்மா, இன்னா பண்றீங்க? செருப்பைக் கழட்டிட்டு, புடவையைச் சொருவிகினு... கவிதா, புடிடி, வழுக்கும்.

— உங்க மாமனாரு பாத்தா எங்களைத்தாம்மா திட்டுவாரு.

— என்னை நேத்தே திட்டி முடிச்சிட்டாரு கவிதா. குடுங்கக்கா.

— புடிங்க. கையை விரிங்க, இப்பிடி.

— இதான் தட்டா?

— இதான் தட்டு. அது இருக்கட்டும், நேத்து எதுக்குத் திட்டினாரு?

— கோயில்ல எல்லாரும் இருந்தாங்க. பாஞ்சாலிக்கா வட்டத்துல என் பக்கத்துல நிப்பாங்க, அவங்க கையை நான் தட்டுவேன்னு சொன்னேன். நிர்மலா முதல்ல எழுந்து போனாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாரும் போயிட்டாங்க. காலையிலதான் இந்த மைக்கு யோசனையைச் சொல்லி அனுப்பினாங்க, நீங்க ஒத்துகிட்டா திரும்பி வர்றாங்களாம்.

— அப்ப ஏம்மா இவ்ளோ நேரம் என்கிட்ட மைக்கு மைக்குன்னு கேட்டுகினு இருந்தீங்க?

— உங்க அம்மா பாட்டு. வேணும் வேணாம்னு சொல்ல நான் யாரு? நீங்க சொல்லணும்னுதான் கேட்டேன். சொல்லிட்டீங்க.

— இப்ப உங்க வட்டத்துல யார் யாரு இருக்கீங்க?

— நான் ஒருத்திதான்.

— ஒருத்தியா?

— ஆமாக்கா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா போவேன்.

— கவிதா, அந்தப் பக்கம் நடறவளுங்களை எல்லாம் கூப்புடு. கை கழுவ வேணாம், அப்பிடியே வரட்டும். சௌமியாம்மா, நீங்க எனக்கு எடது பக்கம். காலைப் பின்னால வையுங்க, நட்டதை மிதிச்சிடாதீங்க.

— யக்கா, நம்மளை அங்க ஆட உடுவாங்களா? நோட்டீஸ்ல அவங்க பேரு போட்டிருப்பாங்களே?

— நான் படிச்சிட்டேன்டி. ஊரு பேருதான் போட்டிருக்குது, தெரு பேரு போடல.